கடன் வாங்கிக் கட்டிய ரயில்: சென்னை மெட்ரோவும் அதன் நிதி ஏற்பாடும் – ஒரு மதிப்புரை

விமான நிலையத்தில் ஏறும் பயணியிடம் 50 ரூபாய்க்கு மேல் வாங்காமல், அண்ணா சாலைக்கு அடியிலும் சென்ட்ரலுக்கு அடியிலும் கொண்டுசென்று, வடசென்னையின் விம்கோ நகரில் இறக்கிவிடுகிறது சென்னை மெட்ரோ. அதிகாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை ஓடும் இந்தச் சேவை, நேரந்தவறாமையிலும், தூய்மையிலும், பெண்கள் இரவில் தனியாகப் பயணம் செய்வதற்குத் தரும் நம்பிக்கையிலும், இந்நகரம் இதுவரை பெற்ற பொதுப் போக்குவரத்துகளில் முதலிடத்தில் வைக்கத் தக்கது என்பதே என் மதிப்பீடு. 2024-ஆம் ஆண்டில் மட்டும் 10.5 கோடிக்கும் அதிகமான பயணங்கள் இதில் நடந்துள்ளன.

இத்தகைய சேவையை மதிப்பிடுகிறவர் ரயில் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று கருதுகிறேன். எந்தப் பணத்தில் இது கட்டப்பட்டது, அந்தப் பணம் எந்த வழியாக வந்தது, எந்த இடத்தில் நின்றுபோனது என்பவற்றைப் பார்த்தால், பயணிக்குக் கிடைத்த வசதிகளுக்கும் கிடைக்காத வசதிகளுக்கும் காரணம் ஒருசேர விளங்கிவிடும். திட்ட மதிப்பீட்டுக்குள் வந்த எல்லாம் நன்றாக இருக்கிறது. அதற்கு வெளியே விடப்பட்டது எதுவும் நன்றாக இல்லை. இந்த மதிப்புரையில் நான் சொல்லவருவது அதுதான்.

முதல் கட்டத்திலிருந்து தொடங்குவோம். 2007 டிசம்பரில் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பின்னர் மத்திய அரசும் தமிழக அரசும் அதில் சரிபாதிப் பங்குதாரர்கள் ஆயின. 2008 நவம்பரில் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையான ஜைக்காவுடன் முதல் கடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2009 ஜனவரியில் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. 14,600 கோடி ரூபாய் என்ற அன்றைய மதிப்பீட்டில் ஜைக்கா கடன் ஏறத்தாழ 59 விழுக்காடு. எஞ்சியதை இரு அரசுகளும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்துகொண்டன. அதில் ஒரு பகுதியைப் பங்கு மூலதனமாகவும் மறுபகுதியைச் சார்நிலைக் கடனாகவும் தந்தன. சார்நிலைக் கடன் என்பது வட்டியின்றித் தரப்பட்டு, வெளியிலிருந்து வாங்கிய கடன் அடைபட்ட பிறகே திருப்பிக் கேட்கப்படும் தொகை. நிலத்துக்கான செலவும் வரிகளும் பெரும்பாலும் இந்தத் தலைப்பின்கீழ்தான் வரும்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு அதன் தெளிவில் இருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும், நட்டம் வந்தால் யார் பொறுப்பு, நிலத்தை யார் கையகப்படுத்தித் தர வேண்டும் என்பதெல்லாம் தொடக்கக் கட்டத்திலேயே வரையறுக்கப்பட்டிருந்தன. அதன் பிறகும் வேலை தாமதமாயிற்று, செலவும் மதிப்பீட்டைத் தாண்டியது. சுரங்கப் பணியில் ஒப்பந்ததாரர்கள் பாதியில் விலகியதையும் நகரம் பார்த்தது. ஆனால் அந்தத் தாமதங்கள் எவையும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியால் நேர்ந்தவை அல்ல. கோயம்பேடு–ஆலந்தூர் பகுதி 2015 ஜூன் 29 அன்று திறக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் 45 கிலோமீட்டர் கொண்ட முதல் கட்டம் முழுமை பெற்றது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான 9 கிலோமீட்டர் நீட்டிப்பும் சேர்ந்து மொத்த நீளம் 54 கிலோமீட்டர் ஆயிற்று.

அந்தப் பணம் எதை வாங்கித் தந்தது என்பதை நிலையத்துக்குள் நின்று பார்த்தால் தெரியும். சுரங்க நிலையங்களில் நடைமேடையின் விளிம்பு நெடுகக் கண்ணாடித் தடுப்புகள் இருக்கின்றன. ரயில் வந்து நின்ற பிறகே அவற்றின் கதவுகள் பெட்டியின் கதவுகளோடு சேர்ந்து திறக்கின்றன. நடைமேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால், சக்கர நாற்காலியில் வருபவர் எவர் கையையும் எதிர்பாராமல் உள்ளே போகலாம். லிஃப்ட்டிலிருந்து நடைமேடை வரை பார்வையற்றோருக்கான மஞ்சள் நிறத் தடவழிக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. சென்ட்ரல் நிலையத்தில் ஒரு வழித்தடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர் சாலைக்கு வராமலேயே மாறிக்கொள்ளலாம். ஆலந்தூரில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நடைமேடைகளுக்கு இடையே எஸ்கலேட்டரில் ஏறி இறங்கினால் போதும். நாற்பது ஆண்டுகளாக மின்சார ரயிலின் படிக்கட்டில் தொங்கிப் பழகிய நகரத்துக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல. கடன் கொடுத்தவர்கள் வெறும் பணத்தை மட்டும் கொடுக்கவில்லை. வடிவமைப்புத் தரத்தையும் பாதுகாப்பு விதிகளையும் கொள்முதல் ஒழுங்கையும் நிபந்தனையாகச் சேர்த்தே கொடுத்தார்கள் என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும்.

அதே மஞ்சள் கற்களைப் பின்தொடர்ந்து வெளியே வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. நான் வழக்கமாக இறங்கும் ஓர் உயர்மட்ட நிலையத்தில், கற்கள் டிக்கெட் வாயிலைக் கடந்து, லிஃப்ட்டில் இறங்கி, தரைமட்டக் கூடத்தின் கடைசிப் படி வரை வருகின்றன. கடைசிக் கல்லுக்கு அப்பால் ஒரு முழ உயரத்துக்குக் கீழே விழும் சரிவு, அதை ஒட்டி மழைநீர் வடிகாலின் மூடி, மூடியின் மேல் வரிசையாக நிறுத்தப்பட்ட இருசக்கர வாகனங்கள், அவற்றுக்கு அப்பால் மின்மாற்றி, பிறகுதான் சாலை. வெள்ளைக் கோலுடன் வந்த இளைஞர் ஒருவர், அந்தக் கடைசிக் கல்லில் கோலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரரின் குரலுக்காகக் காத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். கடைக்காரரும் வழக்கம்போல வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

அந்த நிலையத்தைக் கட்டியவர்களின் கவனக்குறைவு என்று இதைச் சொல்லிவிட முடியாது. நிலையத்தின் எல்லைச் சுவர் வரை ஒரு கணக்கு. அதற்கு வெளியே நடைபாதை ஒரு துறையின் கணக்கு, சாலை வேறொரு துறையின் கணக்கு, வடிகாலும் மின்மாற்றியும் இன்னும் வேறு கணக்குகள். கடன் ஒப்பந்தத்தின் பணிப் பட்டியலில் இல்லாத எதற்கும் கடன் பணத்தைச் செலவிட முடியாது. செலவிட்டால் அந்தத் தொகையைக் கடன் கொடுத்தவரிடமிருந்து ஈடுபெற முடியாது. நடைபாதைக்குப் பொறுப்பான அமைப்புக்கோ, மெட்ரோ நிலையம் திறக்கும் தேதி அதன் பட்ஜெட்டில் எங்கும் எழுதப்படாத ஒன்று. ஆகவே பல நூறு கோடி ரூபாய் நிலையம் ஒன்றின் பயன், அதன் வாசலில் சில லட்ச ரூபாய் வேலை நடக்காததால் குறைந்துபோகிறது.

இரண்டாம் கட்டத்தின் கதை இதைவிட நீண்டது. மாநில அரசுகள் பெருந்திட்டங்களுக்குப் பணம் திரட்டும் முறையை அறிய விரும்பும் எவரும் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை என மூன்று வழித்தடங்கள். ஏறத்தாழ 119 கிலோமீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட மெட்ரோ ரயில் கொள்கை, மாநிலங்களுக்கு மூன்று வழிகளைத் திறந்து வைத்தது: தனியார் பங்கேற்புடன், திட்டத்தின் வருமானப் பற்றாக்குறையை ஈடுகட்டும் இடைவெளி நிதி பெறுவது, திட்டச் செலவில் 10 விழுக்காட்டை ஒட்டுமொத்த மானியமாகப் பெறுவது, முதல் கட்டத்தைப் போல இரு அரசுகளும் சமபங்கு கொள்வது. தமிழக அரசு கேட்டது மூன்றாவது வழியை.

கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே கடந்த ஆண்டுகள்தான் இந்தத் திட்டத்தின் பெரும் சோதனைக் காலம். ஜைக்காவுடன் இரண்டாம் கட்டத்துக்கான முதல் கடன் ஒப்பந்தம் 2018 டிசம்பரிலேயே கையெழுத்தாகிவிட்டது. 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா சென்னைக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரியில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தமது பட்ஜெட் உரையிலேயே 63,246 கோடி ரூபாய் என்ற தொகையைக் குறிப்பிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசின் பொது முதலீட்டு வாரியம் திட்டத்தைப் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் வந்தது 2024 அக்டோபர் 3 அன்று. அடிக்கல்லுக்கும் ஒப்புதலுக்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த காலம்.

அந்த நான்கு ஆண்டுகளிலும் வேலை நிற்கவில்லை என்பதுதான் வியப்பு. ஆற்காடு சாலையில் தூண்கள் எழுந்தன; மாதவரத்தில் சுரங்கம் தோண்டும் இயந்திரங்கள் இறங்கின. பணம் எங்கிருந்து வந்தது? ஒப்புதல் வரும்வரை இரண்டாம் கட்டம் மாநில அரசின் திட்டமாகவே கணக்கிடப்பட்டது. அதன்படி, மதிப்பீட்டில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை மாநில அரசே தர வேண்டும் அல்லது திரட்ட வேண்டும். நிலத்தின் விலை முதலியவற்றைக் கழித்துவிட்டு எஞ்சும் செலவில் 10 விழுக்காடு மட்டுமே மத்திய அரசின் பங்கு. 2024–25 மாநில பட்ஜெட்டில் இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் 12,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

இங்கே கடன் பணம் நடந்துவரும் பாதையைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. நாளிதழ்ச் செய்திகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. வெளிநாட்டு வங்கியோ முகமையோ தரும் கடனை ஒரு மாநிலம் நேரடியாக வாங்க முடியாது. மத்திய அரசு வாங்கி மாநிலத்துக்குத் தருகிறது. 2005-க்குப் பிறகு அது எந்த நிபந்தனையில் வந்ததோ அதே நிபந்தனையில் மாநிலத்தின் தலையில் இறங்குகிறது. யென்னோ டாலரோ விலை ஏறினால் அந்தச் சுமையும் மாநிலத்துக்குத்தான். அதோடு, ஒரு மாநிலம் ஓராண்டில் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு மத்திய அரசு விதிக்கும் உச்சவரம்பு உண்டு. மாநிலத்துக்கு வரும் இந்தக் கடனும் அந்த வரம்புக்குள் அடங்கும். மெட்ரோவுக்காக வாங்கிய ஒவ்வொரு ஆயிரம் கோடியும், குடிநீருக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ வாங்கியிருக்கக்கூடிய ஆயிரம் கோடியை அந்த ஆண்டில் இல்லாமல் செய்துவிடும்.

கடன் ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே பணம் வந்துவிடுவதும் இல்லை. பெரும்பாலும் முதலில் சொந்தப் பணத்தைச் செலவழித்து, ஒப்பந்ததாரரின் பில்லைச் சரிபார்த்துக் கொடுத்து, பிறகு செலவுக் கணக்கை டெல்லியில் உள்ள உதவிக் கணக்கு மற்றும் தணிக்கைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தின் வழியே கடன் கொடுத்தவருக்கு அனுப்பி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகே அந்தத் தொகை ஈடாக வந்து சேரும். ஒப்புதல் வந்தபோது மத்திய அரசு வெளியிட்ட விவரப்படி, மாநிலத்தின் பெயரில் திரட்டப்பட்டிருந்த 32,548 கோடி ரூபாய்க் கடனில் அதுவரை பயன்படுத்தப்பட்டது ஏறத்தாழ 6,100 கோடி ரூபாய் மட்டுமே. எஞ்சிய செலவின் பெரும்பகுதியை மாநிலக் கருவூலமே சுமந்திருக்கிறது.

2024 அக்டோபர் ஒப்புதல் இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றிவிட்டது. 33,593 கோடி ரூபாய்க் கடன் முழுவதும் இனி மத்திய அரசின் கடன். அது மத்திய பட்ஜெட்டிலிருந்து நேராக மெட்ரோ நிறுவனத்துக்குச் செல்லும். அதோடு பங்கு மூலதனமாகவும் சார்நிலைக் கடனாகவும் 7,425 கோடி ரூபாயை மத்திய அரசு தரும். இரண்டும் சேர்ந்து மதிப்பீட்டில் ஏறத்தாழ 65 விழுக்காடு. எஞ்சிய 35 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 22,200 கோடி ரூபாய், மாநிலத்தின் பொறுப்பு. 65 விழுக்காடு என்ற எண்ணைப் பார்த்து, அத்தனையும் மத்திய அரசு தரும் மானியம் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி, மெட்ரோ நிறுவனம் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். குறைந்தது ஐந்து ஆண்டுச் சலுகைக் காலத்துக்குப் பிறகு தவணை தொடங்கும். நிறுவனத்தால் கட்ட முடியாமற்போனால் மாநில அரசு கைகொடுக்க வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் இருக்கிறது. மாநிலத்துக்கு உண்மையில் கிடைத்த பெரும் நன்மை, கடன் வரம்பில் கிடைத்த இடம்தான்.

மாநில அரசின் நிதி நிர்வாகத்தை இந்த இடத்தில் நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஒப்புதல் வரட்டும் என்று காத்திருந்திருந்தால், இன்று பூந்தமல்லிப் பக்கம் நிற்கும் தூண்கள் எதுவும் இருந்திருக்காது. விலைவாசி உயர்வால் மதிப்பீடும் 63,246 கோடியில் நின்றிருக்காது. இரண்டு வெவ்வேறு கட்சிகளின் ஆட்சிகள், அடுத்தடுத்து, ஒரே திட்டத்துக்குக் கை சுருக்காமல் பணம் ஒதுக்கின என்பது நம் அரசியலில் அடிக்கடி காணக் கிடைப்பது அல்ல. மத்திய அரசின் தரப்பில், பரிந்துரை கிடைத்த பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காமல் இருந்ததற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. இல்லை என்ற பதிலாவது விரைவில் வந்திருந்தால், மாநிலம் அதற்கேற்ப வழித்தடங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும்.

இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தருபவர்கள் நால்வர்: ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி. சிறுசேரி வழித்தடத்தில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரையும், சோழிங்கநல்லூர் வழித்தடத்தில் மாதவரத்திலிருந்து கோயம்பேடு வரையும் உள்ள 52.01 கிலோமீட்டர் ஜைக்காவின் பகுதி; மற்றவை ஏனைய மூவருக்கும் பிரித்துத் தரப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கொள்முதல் விதிகள், சுற்றுச்சூழல் மற்றும் மறுவாழ்வு நெறிகள், அறிக்கைப் படிவங்கள். ஒரே சாலையில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு இரண்டு வெவ்வேறு கணக்கு முறைகள் என்றால், அதைக் கையாளும் அலுவலர்களின் உழைப்பு வெளியே தெரியாத உழைப்பு. வீடு இழப்பவருக்கான மறுவாழ்வு விதிகள் இத்தகைய கடன்களில் எழுத்தில் இருப்பது, முற்றிலும் உள்நாட்டுப் பணத்தில் நடக்கும் சாலைப் பணிகளோடு ஒப்பிடுகையில் பொதுமக்களுக்கு ஒரு பாதுகாப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நிதி எல்லை எங்கே வரையப்படுகிறது என்பதன் விளைவை இன்னும் வெளிச்சமாகக் காட்டுவது கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட அந்தப் பேருந்து முனையத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் கட்டியது. விசாலமான கூடங்கள், தூய்மையான கழிப்பறைகள், ஒழுங்கான நடைமேடைகள் என முனையம் தன்னளவில் குறை சொல்ல முடியாதது. ஆனால் தென்மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்குகிற ஒருவர் நகரத்துக்குள் போக, அருகிலேயே ஓடும் புறநகர் ரயில் பாதையில் அன்று ஒரு நிலையம் இல்லை, ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க மேல்நடைபாலமும் இல்லை. முனையம் ஒரு கணக்கு, ரயில்வேயிடம் பணம் கட்டிச் செய்விக்க வேண்டிய நிலையம் இன்னொரு கணக்கு, நடைபாலம் மூன்றாவது கணக்கு, விமான நிலையத்திலிருந்து வர வேண்டிய மெட்ரோ நீட்டிப்பு நான்காவது கணக்கு. நான்கும் ஒரே அரசாணையில், ஒரே நிறைவுத் தேதியோடு, ஒரே நிதி ஒதுக்கீட்டில் இருந்திருந்தால், பெட்டியும் குழந்தையுமாக வந்து இறங்கிய மக்கள் அத்தனை அலைந்திருக்க மாட்டார்கள்.

கிளாம்பாக்கத்துக்கு முன்பே இந்தப் பாடத்தை நகரத்துக்குச் சொன்னது பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரையிலான முதல் பகுதியை ரயில்வே தன் சொந்தப் பணத்தில் கட்டி 1997-இல் முடித்தது. மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரி வரையிலான இரண்டாம் பகுதிக்கு மாநில அரசு மூன்றில் இரண்டு பங்கும் ரயில்வே மூன்றில் ஒரு பங்கும் தந்தன. 2007-இல் அது முழுமையாகத் திறக்கப்பட்டது. பணத்தில் பெரும்பங்கு மாநிலத்துடையது. ரயிலை ஓட்டுவதும் நிலையத்தைப் பராமரிப்பதும் ரயில்வே. கட்டணத்துக்கும் நேர அட்டவணைக்கும் பேருந்து இணைப்புக்கும் எவரும் ஒருசேரப் பொறுப்பேற்கவில்லை. வணிக வளாகங்களாக மாறும் என்று எதிர்பார்த்துப் பல மாடிகளாக எழுப்பிய நிலையக் கட்டடங்கள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்ததை அந்த வழியில் போகிற எல்லோரும் அறிவர். இந்தத் தடத்தை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025-இல் கொள்கையளவில் இசைந்திருப்பது மிகத் தாமதமான, ஆனால் சரியான முடிவு.

பேருந்துகளுக்கு வருவோம். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வளர்ச்சி வங்கியின் கடனுதவியில் வாங்கிய தாழ்தளப் பேருந்துகளில் 58 வண்டிகள் 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கின. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் நெடுங்காலம் போராடிப் பெற்ற வசதி இது. நிறுத்தத்தில் வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கிறது. வாயிலில் மடக்கி வைத்த சாய்தளத்தை விரித்தால் சக்கர நாற்காலி ஏறிவிடும். உள்ளே அதை நிறுத்திப் பட்டையால் பிணைக்கத் தனி இடம் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு, பழைய வண்டிகளின் மூன்று உயரப் படிகளோடு ஒப்பிட்டால், இது வாழ்க்கையை மாற்றும் வசதி. ஆனால் இங்கும் வண்டிக்குத்தான் கடன் கிடைத்தது, நிறுத்தத்துக்குக் கிடைக்கவில்லை. நடைபாதையை ஒட்டி வண்டியை நிறுத்த இடமில்லாத நிறுத்தங்களில் சாய்தளம் சாலையின் மேல் செங்குத்தாக இறங்குகிறது. அந்தச் சரிவில் சக்கர நாற்காலியைத் தனியாக ஏற்ற இயலாது.

மின்சாரப் பேருந்துகளின் நிதி ஏற்பாடு என்னை மிகவும் கவர்ந்தது. உலக வங்கியின் ஆதரவு பெற்ற சென்னை நகரக் கூட்டாண்மைத் திட்டத்தின்கீழ், முதல் 120 வண்டிகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்டன. வண்டியை வாங்குவதும் பராமரிப்பதும் ஓட்டுநரைத் தருவதும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. நடத்துநரும் டிக்கெட் வருமானமும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையவை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குப் பணம் தரும். பெருந்தொகையை முன்கூட்டியே முதலீடு செய்ய இயலாத கழகத்துக்கு இது நல்ல வழி. அதோடு, உலக வங்கி இந்தத் திட்டத்தில் செலவின் பில்லைப் பார்த்துப் பணம் தருவதில்லை. ஒப்புக்கொண்ட பலன் கிடைத்ததைச் சரிபார்த்துவிட்டே தருகிறது. இத்தனை வண்டி வாங்கினோம் என்று காட்டுவதற்கும், இத்தனை வண்டி உண்மையாகவே சாலையில் ஓடுகிறது என்று மெய்ப்பிப்பதற்கும் உள்ள தொலைவை நம் அரசுக் கணக்குகள் நெடுங்காலமாகக் கண்டுகொண்டதில்லை. மாநில அரசு தன் சொந்தப் பணத்திலிருந்து கழகங்களுக்குத் தரும் மூலதன நிதிக்கும் இதே முறையைக் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம்.

நிதிக் கொள்கையின் விதிகள் எவ்வளவு தொலைவு பயணிகளைத் தொடும் என்பதற்குக் கோவையும் மதுரையும் சான்று. 2025 நவம்பரில் அந்த இரு நகரங்களின் மெட்ரோ திட்ட அறிக்கைகளையும் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. காட்டிய காரணங்களில் முதன்மையானது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவற்றில் 20 லட்சம் பேர் இல்லை என்பது. அதற்கு அடுத்த கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடக்காத நிலையில், பதினான்கு ஆண்டு பழைய எண்ணைக் கொண்டு ஒரு நகரத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுப் போக்குவரத்தைத் தீர்மானிப்பது முறையன்று. அந்த நகரங்களுக்கு மெட்ரோதான் வேண்டுமா, விரைவுப் பேருந்துத் தடமே போதுமா என்பது நேர்மையாக விவாதிக்கத் தக்க கேள்வி. அதற்கான விடையைப் பயணக் கணக்கெடுப்பு தரட்டும்.

சென்னைக்குத் திரும்புவோம். இத்தனை கணக்குகளையும் ஒரு குடையின்கீழ் கொண்டுவரவே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உருவாக்கப்பட்டது. சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். 2025 செப்டம்பரில் வெளிவந்த ‘சென்னை ஒன்று’ செயலி அதன் கண்ணுக்குத் தெரிகிற பயன்: பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். இந்தச் செயலியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் டிக்கெட்டை ஒன்றாக்கிய குழுமத்தின் கையில், நிலையத்திலிருந்து நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதையை ஒன்றாக்கும் அளவுக்குப் பணம் இல்லை. திட்டங்களை ஆராய்ந்து கருத்துச் சொல்லும் அதிகாரத்தைவிட, இந்த இணைப்புப் பணி முடியாமல் அடுத்த தவணை விடுவிக்கப்படாது என்று சொல்லக்கூடிய அதிகாரமே அதற்கு முதலில் வேண்டும்.

கடன் தவணைகள் தொடங்கும் நாளையும் இப்போதே எண்ணிப்பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அது மக்களுக்கு ஆதரவான நல்ல முடிவு. இரண்டாம் கட்டத்தின் கடன் முதல் கட்டத்தினுடையதைவிடப் பல மடங்கு பெரியது. அதைக் கட்டணத்திலிருந்து அடைக்க முயன்றால் பயணிகள் இருசக்கர வாகனத்துக்கே திரும்பிவிடுவார்கள். ஆகவே எத்தனை ஆண்டுகளுக்கு, எவ்வளவு தொகையை மாநில பட்ஜெட் ஈடுகட்டும் என்பதைச் சட்டமன்றத்தில் முன்கூட்டியே அறிவித்துவிடுவது நல்லது.

இரண்டாம் கட்டத்தின் நிலையங்கள் பல இப்போது வெளிப்பூச்சு காணும் நிலைக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் அரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள் வரும் நடைபாதை, சாலைக் கடப்பு, பேருந்து நிறுத்தம், தெருவிளக்கு ஆகிய நான்குக்கும் மாநில பட்ஜெட்டில் தனித் தலைப்பு ஒன்றைத் திறந்து, அதன் செலவை மெட்ரோவின் 35 விழுக்காட்டு மாநிலப் பங்கோடு சேர்த்தே ஒதுக்கி, நிலையம் திறக்கும் தேதியையே அந்தப் பணிகளின் நிறைவுத் தேதியாகவும் எழுதலாம். அறுபத்து மூவாயிரம் கோடியின் அருகே வைத்துப் பார்த்தால் இது மிகச் சிறிய தொகை. கடன் கொடுக்கும் நால்வரின் இசைவும் இதற்குத் தேவையில்லை. நிதித் துறையின் ஓர் அரசாணை போதும். அது பூந்தமல்லி வழித்தடத்தின் எல்லா நிலையங்களும் திறக்கப்படுவதற்கு முன் வந்துவிட வேண்டும்.